கட்டை போடுகிற ஆள்

பவளத்துக்கு நான்காவது தடவையும் மேட்டிலேயே போய்விட்டது.

மேடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மலையை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் போனால் சமவெளியில் ஒரு டிரைவிங் பள்ளி இருக்கிறது. அங்கே சிமெண்டால் ஒரு மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக் கூரை உயரம்கூட இராது. அதற்குப் பெயர் புக்கிட். மலாயில் மலை என்று அர்த்தம். அதில் பாதி ஏறி, மஞ்சள் கோட்டில் முன்சக்கரத்தை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, மறுபடியும் பின்னால் உருளாமல் மேலே போக வேண்டும். அவ்வளவுதான். ஐயாயிரம் அடி உயரத்தில் பிறந்து, ஒன்பது வருடமாகத் தேயிலைச் சரிவுகளில் லோரி ஓட்டுகிற பெண், அந்த மேட்டில் நான்கு முறை எஞ்சினை அணைத்துவிட்டாள்.

தோட்டத்துப் பாதை தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் இத்தனை நாள் அவளிடம் யாரும் லைசன்ஸ் கேட்கவில்லை. இந்த வருடம் பாதுகாப்புச் சோதனை என்று ஒரு கும்பல் வந்தது. ஒரு படிவத்தை நிரப்பியது. 'ஓட்டுநருக்கு லைசன்ஸ் உண்டா?' என்ற கேள்விக்கு இல்லை. 'கைபிரேக் வேலை செய்கிறதா?' என்ற கேள்விக்கு ஆம் என்று தோட்டத்து அலுவலகக் கணக்கர், கிராணி சின்னையாவே டிக் போட்டார். உண்மையில் அந்த லோரியின் கைபிரேக் கம்பி பவளம் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே அறுந்துபோனது. அதற்குப் பதிலாக மகேன் இருந்தான். சரிவில் லோரி நின்றால் அவன் பின்னாலிருந்து குதித்து, சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுவான். மூட்டைகளை ஏற்றியதும் கட்டையை உருவிவிட்டு, பின்பலகையில் இரண்டு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டதும் பவளத்தின் கால்கள் தாமாக வேலை செய்யும். லோரி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாது.

மாதம் முடிவதற்குள் லைசன்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆள் என்றால் மகேன். அவனுக்கு லைசன்ஸ் உண்டு. கிராணியின் அக்கா மகன் வேறு. பவளம் திரும்பவும் இலை வெட்டும் மிஷினைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்க வேண்டும். அதைப் பத்து வருடம் தூக்கித்தான் அவளுடைய வலது தோள் போனது. தலை வாரக்கூட இடது கைதான். அவளுக்கு மிச்சமிருந்தது ஐந்தாவது தடவை ஒன்றுதான்.

எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், நான் பக்கத்து வீடு. பல்கலைக்கழகத்தில் இரண்டரை வருடம் மூளையைப் பற்றிப் படித்துவிட்டு, ஒரு வாய்மொழித் தேர்வின் நடுவில் எழுந்து வெளியே நடந்து வந்தவன். இப்போது தொழிற்சாலை மேல்மாடியில், இலை வாட்டும் இடத்தில், இரவு வேலை. லைனில் யாருக்காவது தலை வலித்தால்கூட என்னைத்தான் கேட்பார்கள்.

"ஏன்டா, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுது?" என்று பவளம் கேட்டாள். "நேத்து பொறந்த பிள்ளைங்கெல்லாம் பாஸாவுதுங்க. காடி ஸ்டியரிங்க இதுக்கு முன்னால தொட்டதே இல்லாதவ ஒருத்தி, எனக்குப் பின்னால வந்து பாஸாயிட்டுப் போறா."

"அவளுக்கு ஓட்டத் தெரியாது. அதனால பாஸாயிட்டா."

"வெளங்கற மாதிரி சொல்லு."

"நீங்க இவ்வளவு நாளும் காலால ஓட்டுனீங்க அக்கா. அங்க போனதும் தலையால ஓட்டுறீங்க. எந்தக் காலு, எவ்வளவு அமுக்கணும்னு தலை கேக்குது. உங்க தலைக்கு லோரி ஓட்டத் தெரியாது."

"அப்ப தலைய வீட்ல கழட்டி வச்சிட்டுப் போவவா?"

"முடிஞ்சா நல்லது."

"இதுக்குத்தான் ஒங்கப்பன் மாடு வித்துப் படிக்க வச்சாரு" என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போனாள்.

அவள் நான்கு தடவை தோற்றதைத் தோட்ட நிர்வாகி திருச்செல்வம் கேள்விப்பட்டார். முப்பத்து நான்கு வயது. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் ஆட்களுக்கு அவர் துரைதான். பயிற்சிக்கென்று ஒதுக்கிய நிதி அந்த ஆண்டு செலவாகாமல் கிடந்தது. கோலாலம்பூரிலிருந்து புனிதன் என்பவரை வரவழைத்தார். அழுத்தம் வரும்போது மூளை எப்படி இயங்குகிறது என்பதில் அவர் நிபுணராம். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, காதோரம் ஒட்டிய மைக், கையில் ஒரு பிளாஸ்டிக் தலைப்பட்டை.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் தொண்ணூறு பேர். வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் பிடிப்போம் என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் ஆர்வமாக வந்திருந்தார்கள். தின்னக் கறிபாப்பும் குடிக்க மைலோவும் வாசலுக்கு அருகே மூடி வைக்கப்பட்டிருந்தன. முக்கால்வாசிப் பேருடைய பார்வை அங்கேதான்.

புனிதன் சொன்னதில் தவறில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி யோசிக்கிற பகுதி. பழகிப்போன வேலைகளைச் செய்வது வேறு பகுதிகள். பதற்றம் வந்தால் யோசிக்கிற பகுதி மற்றவற்றின் வேலையில் மூக்கை நுழைக்கும், காரியம் கெடும். பிறகு குரங்குகளைக் காட்டினார். ஒரு ஆய்வில் குரங்குகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். பரிசு கொஞ்சம் கூடினால் இன்னும் நன்றாகச் செய்தன. எப்போதாவது வரும் மிகப் பெரிய பரிசு என்று தெரிந்தால் மட்டும் தடுமாறின. கையை அசைப்பதற்கு முன்பே மூளையின் தயாரிப்பு குலைந்துபோனதாம்.

"அந்தக் கொரங்குக்கு லைசன்ஸ் கெடச்சிச்சா சார்?" என்று பின்வரிசையிலிருந்து இராசம்மா கேட்டாள். மண்டபம் சிரித்தது. பவளம் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்து அவளை மேடைக்கு ஏற்றினார்கள். தலைப்பட்டையை மாட்டினார்கள். திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. மனம் அமைதியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பட்டை மாட்டும்போதே சிவப்பு.

"கண்ண மூடுங்க. அந்தப் புக்கிட்ட நினைங்க. மஞ்சள் கோடு. அதிகாரி பாக்கிறாரு. இப்ப எப்படி இருக்கு?"

"பட்டை இறுக்கமா இருக்கு சார்."

வட்டம் இன்னும் சிவந்தது. தைரியம் கொடுப்பதற்காக எல்லோரும் கைதட்டினார்கள். மேலும் சிவந்தது. புனிதனுக்கு ஒரே மகிழ்ச்சி. அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அப்போது திருச்செல்வம் எழுந்து மைக்கை வாங்கினார். பவளம் இந்த முறை பாஸானால் கம்பெனி அவளுக்கு இரண்டு கதவு ஐஸ்பெட்டி கொடுக்கும், கம்பெனி இதழில் அட்டைப்படம் வரும், தலைமை அலுவலகத்து இயக்குநர் நேரில் வந்து பாராட்டுவார் என்று அறிவித்தார். கைதட்டலில் மண்டபம் இரண்டாகப் பிளந்தது.

நான் கை தூக்கினேன்.

"பெரிய பரிசு காட்டுனா குரங்கு தடுமாறும்னு பத்து நிமிசத்துக்கு முன்னதான் சொன்னீங்க சார்."

புனிதன் என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். "நல்ல கேள்வி" என்றார். "டீக்கு அப்புறம் பேசலாம்."

டீக்குப் பிறகு குழுப்படம் எடுத்தார்கள்.

அன்றிலிருந்து பதினோராவது நாள் தேர்வு. அந்தப் பதினோரு நாளில் தோட்டமே அவளுக்கு உதவி செய்தது. முனீஸ்வரர் கோயிலில் இராசம்மா எலுமிச்சம்பழ மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டு, அதைப் பவளத்திடமும் ஒரு தடவை சொன்னாள், லைன் முழுக்கவும் சொன்னாள். கடைக்குப் போனால், "பயப்படாத லா பவளம்." தண்ணிக் குழாயடிக்குப் போனால், "டென்சன் ஆவாத." பள்ளிக்கூடப் பிள்ளைகள் லோரி போகும்போது "ஆண்டி, ஐஸ்பெட்டி!" என்று கத்தின. யாரோ அந்த ஐஸ்பெட்டியில் ரம்புத்தான் ஜூஸ் வைக்க இடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள்.

புனிதன் தன் பங்குக்கு ஒரு அட்டை அனுப்பினார். பிளாஸ்டிக் உறை போட்டது. சரிவில் வண்டி எடுப்பதற்கான பதினோரு படிகள் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு படிக்கும் நடுவில், 'நான் அமைதி, நான் வெற்றி' என்று மூச்சை இழுத்துச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்குக் கீழே தொங்கவிடச் சொல்லியிருந்தார். பவளம் தொங்கவிட்டாள்.

மூன்றாவது நாள், தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற கொண்டை ஊசி வளைவில், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, லோரி அணைந்தது. மகேன் கட்டையை உருவி, இரண்டு தட்டு தட்டி, ஏறுவதற்குக் காலைத் தூக்கியபோது வண்டி அவனை நோக்கி உருண்டது. கட்டையை மறுபடி சக்கரத்துக்கு அடியில் வீசிவிட்டுத் தேயிலைச் செடிக்குள் விழுந்தான்.

"என்னக்கா, கொல்லப் பாக்குறியா?"

"ஏழாவது படில இருந்தேன்டா. நீ அதுக்குள்ள தட்டிட்ட."

நான் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அட்டையைக் கழற்றச் சொன்னேன். முடியாது என்றாள். கழற்றிவிட்டுத் தோற்றால், கழற்றியதால்தான் தோற்றாள் என்று துரை சொல்வாராம். அது உண்மைதான்.

தேர்வு வியாழக்கிழமை. நான் வேலை முடிந்து அப்படியே அவளோடு பஸ் ஏறினேன். கூட வரச் சொன்னது அவள்தான். வேறு யார் வந்தாலும் தைரியம் சொல்வார்களாம். நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று அவளுக்கு நம்பிக்கை.

டிரைவிங் பள்ளியில் வெயில் கொளுத்தியது. மலை ஆட்களுக்கு அந்த வெயிலே பாதி தோல்வி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர் காத்திருந்தார்கள். பவளம் அட்டையை மடியில் வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். கால்கள் தரையில் இல்லாத கிளட்சை அமுக்கிக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்தேன். ஐந்தாவது தடவையும் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அறிவியலில் வழி ஒன்றுதான். பரிசை எடுத்துவிட வேண்டும், தலைக்கு வேறு வேலை கொடுத்துவிட வேண்டும்.

"அக்கா, ஒன்னு சொல்லணும். இனிமே மறைச்சி பிரயோசனம் இல்ல."

"என்ன?"

"வேலைய மகேனுக்குக் குடுத்தாச்சு. கடிதம் அடிச்சி கிராணி மேசையில கெடந்திச்சு. நேத்து காலைல பாத்தேன்."

அவள் உதடு நின்றது. கால் நின்றது.

"நான் பாஸானாலும்?"

"பாஸானாலும்தான்."

"சின்னையா வேலையா?"

நான் தோளைக் குலுக்கினேன். அவர் ஏற்கெனவே எத்தனையோ செய்தவர். இன்னொன்றை அவர் கணக்கில் வைப்பதால் எனக்கு உறுத்தவில்லை.

பவளம் மேட்டைப் பார்த்தாள். பிறகு அட்டையை இரண்டாக மடித்தாள். உறை போட்டதால் அது மடங்காமல் நிமிர்ந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "எம்மவ கல்யாணத்துக்கு வந்து முன் வரிசையில குந்தித் தின்னவன்டா அந்தச் சின்னையா" என்று ஆரம்பித்தாள். அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். பேசிக்கொண்டே எழுந்து போனாள். பேசிக்கொண்டே காடிக்குள் ஏறினாள். கண்ணாடி வழியாக அவள் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது. மேட்டுப் பக்கம் நின்ற அதிகாரி, அவள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், மரியாதையாகக் காத்திருந்தார். காடி ஏறியது. மஞ்சள் கோட்டில் நின்றது. உள்ளேயிருந்து அவள் கை, கிராணியின் கழுத்தைப் பிடிப்பதுபோலக் கைபிரேக்கை இழுத்தது, விட்டது. காடி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் மேலே போய் மறுபக்கம் இறங்கியது.

தேர்வில் மற்றதெல்லாம் அவளுக்கு எப்போதுமே பிரச்சினை இல்லை. மதியத்துக்குள் கையில் தாள் வந்துவிட்டது. சாலைக்கு எதிரே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன்.

"செருப்பால அடிப்பேன்" என்றாள். அடிக்கவும் செய்தாள், கைப்பையால். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மலையேறும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாள்.

வீட்டுக் கதவில் ஒரு உறை செருகியிருந்தது. கம்பெனிச் சின்னம் போட்டது. அவள் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். லோரி ஓட்டுநர் பொறுப்பு மகேனுக்கு வழங்கப்படுகிறது. பவளம் அதே லோரியில் உதவியாளர். தேதி செவ்வாய்க்கிழமை.

நான் சொன்ன பொய் இரண்டு நாளாக உண்மையாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலை அலுவலகத்தில் திருச்செல்வம் எங்களை உட்காரச் சொன்னார். தப்பாக நினைக்கக் கூடாது, இது பவளத்தின் நன்மைக்குத்தான் என்றார். புனிதனின் அறிக்கையை எடுத்துக் காட்டினார். 'அழுத்தச் சூழலில் செயல்திறன்: சிவப்பு' என்று அதில் இருந்தது. பக்கத்தில் தலைப்பட்டையோடு அவள் படம்.

"ஒங்க மேல இருக்கிற பிரஷர எடுக்கத்தான்கா செஞ்சோம். வேலை போச்சின்னு தெரிஞ்சா நீங்க ப்ரீயா போயி எழுதலாமில்ல?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையே சார்."

"சொன்னா டென்சன் ஆயிருப்பீங்க."

பவளம் பாஸான தாளை மேசையில் வைத்தாள். அவர் கை கொடுத்து வாழ்த்தினார். ஆனால் சிஸ்டத்தில் ஏற்றியாகிவிட்டது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். மூலையில் கிராணி சின்னையா பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார். பேனா மூடியோடுதான் இருந்தது.

திங்கட்கிழமை இயக்குநர் வந்தார். நான் அப்போதுதான் படுத்திருந்தேன், ஹாரன் சத்தத்தில் எழுந்தேன். எங்கள் லைனிலிருந்து பார்த்தால் கொண்டை ஊசி வளைவு நேர் கீழே தெரியும். லோரி அங்கே மேல்நோக்கி நின்றது. பின்னால் இரண்டு டிராக்டர். முன்னால் இயக்குநர், துரை, புனிதன், வீடியோ எடுக்க ஒரு ஆள். புதிய ஓட்டுநர் அழுத்தத்தை வெல்வதைப் படம் எடுக்க, வளைவின் நடுவில் லோரியை நிறுத்தி மறுபடி கிளப்பச் சொல்லியிருக்கிறார்கள். அன்றுதான் அந்த லோரியின் ஸ்டியரிங்கை முதலில் பிடித்தவனை. தூறல் வேறு. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மகேன் ஏழு தடவை அணைத்திருந்தான் என்று சொன்னார்கள். நான் போனபோது எட்டு. சக்கரத்துக்குப் பின்னால் பவளம் கட்டையோடு குந்தியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் உருவி, பலகையில் இரண்டு தட்டு தட்டி, வண்டி உருண்டதும் திரும்பச் செருகினாள். இடது கையால். நேர்த்தியாகச் செய்தாள். அவள் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

புனிதன் ஓட்டுநர் ஜன்னலோரம் நின்று, "மூச்ச இழுங்க மகேன். நான் அமைதி. நான் வெற்றி" என்றார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். ஒங்க கால் மேல ஏறிரும்" என்றான் மகேன்.

மேலே தொழிற்சாலையிலிருந்து போன்மேல் போன். மூட்டைக்குள் அமுங்கிக் கிடக்கும் பச்சை இலை தானே சூடாகும். சூடானால் சிவந்துவிடும், அதற்குப் பிறகு அது தேயிலை இல்லை, குப்பை. இயக்குநர் மூட்டையொன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையைச் சட்டென்று எடுத்தார். திருச்செல்வத்தை ஒரு பார்வை பார்த்தார்.

துரை பவளத்திடம் ஓடி வந்தார். "அக்கா, நீங்க ஏறி எடுங்க."

"நான் உதவியாளு சார்."

"பரவால்ல கா, எடுங்க."

"சிஸ்டத்துல நான் கட்டை போடுற ஆளு. எடுத்து ஏதாச்சும் ஆயிருச்சின்னா?"

"நான்தானே சொல்றேன்."

"கடுதாசிலதானே சார் எறக்குனீங்க. கடுதாசிலயே ஏத்துங்க."

மகேன் ஜன்னலில் தலையை நீட்டி, "குடுத்துருங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமா போவும்" என்றான். அவன் முகத்தில் வேர்வையா தூறலா தெரியவில்லை.

தாள் யாரிடமும் இல்லை. கடைசியில் புனிதனின் பையிலிருந்து அவருடைய அறிக்கையையே பிடுங்கினார்கள். அதன் பின்பக்கத்தை லோரிக் கதவில் வைத்து, இயக்குநர் பார்த்துக்கொண்டிருக்க, திருச்செல்வம் எழுதினார். 'பவளம் இன்றிலிருந்து' என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு வாங்கியவர். 'மீண்டும் லோரி ஓட்டுநர்' என்று நான் சொல்லிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது தன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, அடித்து, திரும்ப எழுதி, மறுபடியும் விட்டார். புனிதன் அவருக்கு மூச்சை இழுக்கச் சொல்லவில்லை. அவர் தன் பையை மூடுவதில் தோற்றுக்கொண்டிருந்தார்.

பவளம் தாளை வாங்கிப் படித்தாள். விட்டுப்போன எழுத்தைச் சுட்டிக்காட்டிப் போட வைத்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். கட்டையை மகேனிடம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

இரண்டு தட்டு. லோரி போனது.

"அக்கா, நில்லுங்க! கேமரா ஆன் ஆவல. இன்னொரு தடவ எடுத்துரலாம்!" என்று வீடியோக்காரன் பின்னால் ஓடினான்.

அவள் நிற்கவில்லை. நின்றிருந்தால் அணைத்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த லோரி இலையில் பாதி சிவந்துவிட்டது. இரவு நான்தான் அதைப் பொறுக்கினேன். கம்பெனி இதழில் 'மூளைப் பயிற்சியின் வெற்றி' என்று கட்டுரை வந்தது. அட்டைப்படத்தில் தலைப்பட்டையோடு பவளம். பின்னாலிருந்த வட்டத்தைப் பச்சையாக மாற்றியிருந்தார்கள். புனிதன் இப்போது திரிங்காப் என்ற ஊரில் காய்கறித் தோட்டங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஐஸ்பெட்டி இன்னும் வரவில்லை.

சோதனைக் கும்பல் மாதக் கடைசியில் திரும்ப வந்தது. லைசன்ஸைப் பார்த்து டிக் போட்டது. கைபிரேக்குக்கும் டிக் போட்டது. அவர்கள் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது வளைவில் லோரி நின்றது. மகேன் கட்டையோடு குதித்து ஓடினான்.